பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே: கல்யாண டி.ஜே. பற்றிக் கேள்வி–பதில்

கேள்வி: அக்கா கல்யாணத்துக்கு டி.ஜே. பேசி, 200 பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்துவிட்டோம். இன்னும் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பட்டியலைக் குறையுங்கள். பாட்டுகளை முழுதாக ஒலிக்கவிட்டால் மணிக்குப் பதினைந்து போகும். ஆட்டம் சூடுபிடித்த பிறகு இரண்டரை நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினாலும் 24தான். 200 பாட்டையும் முடிக்க வேண்டிய டி.ஜே.யின் கண் கூட்டத்தின் மேல் இருக்காது, திரையிலேயே இருக்கும். ‘கட்டாயம் வேண்டும்’ என்று 15 பாட்டு போதும். ‘வேண்டவே வேண்டாம்’ பட்டியல் எவ்வளவு நீளமானாலும் சரி, அதுதான் அவருக்கு அதிகம் உதவும்.

பாட்டுப் பட்டியலைவிட முக்கியமானது நிகழ்ச்சி நிரல். எத்தனை மணிக்கு என்ன நடக்கும், யார் மைக் பிடிப்பார், எந்தப் பாட்டு எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும், ‘தயார்’ என்று யார் கைகாட்டுவார் என நான்கே விவரம், ஒரே தாளில். அதே தாளின் பிரதி போட்டோகிராபரிடமும் சமையல் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும். மைக்கில் சொல்ல வேண்டிய பெயர்களை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒருமுறை உரக்கச் சொல்லியும் காட்டுங்கள், ஏனென்றால் பெயரைத் தப்பாகச் சொன்னதை யாரும் மறக்க மாட்டார்கள். கடைசி நேர மாற்றம் எதுவானாலும் முடிவெடுக்க வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள். அது மணமக்களாக இருக்கக் கூடாது.

கேள்வி: மணமக்கள் நடந்து வந்து மேடை ஏறிய பிறகுதான் பாட்டில் குரலே வருகிறது. பல கல்யாணங்களில் பார்த்துவிட்டேன். ஏன் இப்படி?

பதில்: தூரத்தை யாரும் அளக்காததால்தான். வாசலிலிருந்து மேடை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்ல நடந்தாலும் அரை நிமிடத்தில் வந்துவிடுவார்கள். பாட்டின் முன்னிசையே 40 நொடி என்றால் கேட்க நினைத்த வரி வருமுன் நடை முடிந்துவிடும். முதல் நாளே ஒருவர் அந்த நடையை நடந்து பார்த்து நொடி எண்ணட்டும். அதற்கேற்றபடி, கதவு திறக்கும்போது எந்த வரி வர வேண்டுமோ அதில் டி.ஜே. கியூ பாயின்ட், அதாவது பாட்டு தொடங்க வேண்டிய இடத்துக்கான குறி, வைத்துக்கொள்வார்.

நடுவில் நின்று படம் எடுப்பார்கள், ஒரு குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அப்போது எட்டு பீட்டை மட்டும் லூப்பில் சுற்றவிடலாம். நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டில் ஒரு சுற்று நான்கு நொடி. சரியான இடத்தில் திரும்பினால் யாருக்கும் தெரியாது. மணமக்கள் உட்கார்ந்ததும் பாட்டை வெடுக்கென்று வெட்டாமல், வரி முடியும் இடம் பார்த்து இறக்க வேண்டும். டி.ஜே.யின் மேசையிலிருந்து வாசல் தெரியாவிட்டால், வாசலுக்கும் அவருக்கும் நடுவே சைகை காட்ட ஓர் ஆள் தேவை.

கேள்வி: வாழ்த்துரை நேரத்தில் மைக் கீச்சென்று கத்துகிறது. டி.ஜே. ஒலியைக் குறைத்தால் பேச்சு கேட்பதில்லை.

பதில்: பாதிக் குறை மைக் பிடிக்கும் கையில் இருக்கிறது. கூச்சத்தில் பலர் மைக்கை நெஞ்சுக்கு நேராக இறக்கிவிடுவார்கள். குரல் சன்னமாக வருவதால் டி.ஜே. ஒலியைக் கூட்டுவார். ஸ்பீக்கரில் வந்த சத்தத்தையே மைக் மறுபடி பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்தச் சுழல்தான் ஹவுலிங்.

மைக்கை வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி, அதாவது 5 செ.மீ. தூரத்தில் பிடித்தால் போதும். தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 20 செ.மீ.லிருந்து 5 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபல். ஒரு பொத்தானையும் தொடாமல் கிடைக்கும் லாபம் இது! வலைத்தலையைக் கையால் பொத்தக் கூடாது. பொத்தினால் மைக் முன்பக்கக் குரலை மட்டும் வாங்கும் தன்மையை இழந்து, சுற்றுமுற்றும் உள்ள எல்லாவற்றையும் வாங்கும். பேசுபவர் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் போகாமல் அவற்றுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். வயர்லெஸ் மைக்குக்கு அன்றைக்குப் புது பேட்டரி போடுங்கள், பக்கத்தில் ஒயர் மைக் ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

வாழ்த்துரை ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் 15 நொடியில் மெல்லிய இசை ஓடினால் அவை கலைவதில்லை. அந்த இடைவெளி மௌனமானால் நாற்காலிகள் நகர ஆரம்பிக்கும்.

கேள்வி: ஆட வந்தவர்கள் திடீரென்று ஒன்றாகக் கலைந்துவிடுகிறார்களே?

பதில்: பெரும்பாலும் வேகம் தாவியிருக்கும். 95 பீட்டில் ஆடிக்கொண்டிருந்த கால் அடுத்த நொடியே 128க்குப் போகாது. மூன்று நான்கு பாட்டை ஒரே வேகத்தில் கோத்து, பிறகு சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். பெரிய தாவல் வேண்டுமானால் இரண்டு நொடி முழு நிறுத்தம் கொடுத்து, எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதல் அடியிலிருந்து தொடங்கலாம்.

தளத்தின் ஓரத்தில் நிற்பவர்களின் காலைப் பாருங்கள். அது தாளம் போட்டால் அடுத்த பாட்டும் அதே ரகத்தில் போகலாம். தாளம் நின்றால் மாற்ற நேரம் வந்துவிட்டது. நடுவில் ஆடுபவர்கள் எதற்கும் ஆடுவார்கள், அவர்களை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வெளிச்சமும் ஒரு காரணம்: தலைக்கு மேல் விளக்கெல்லாம் எரிந்தால் கூச்சமுள்ளவர் எழுந்தே வரமாட்டார்.

மெதுவான பாட்டில் சிலர் தண்ணீர் குடிக்கப் போவது சகஜம்தான்.

கேள்வி: பெரியவர்கள் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள், இளைஞர்கள் போதவில்லை என்கிறார்கள்.

பதில்: ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் வரும்படி ஸ்டாண்டில் ஏற்றி, முகத்தை ஆடும் தளத்துக்குத் திருப்பினால் பாதிச் சண்டை தீரும். பாஸ் எனும் தாழ்ந்த ஒலி மட்டும் எல்லாப் பக்கமும் பரவும். அந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சுவர் மூலையில் வைத்தால் இன்னும் கனக்கும். எனவே பெரியவர்களின் மேசையை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்ச அளவு 85 டெசிபல், 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சாப்பாட்டு நேரத்துக்கு அளவு எளிது: எதிரில் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடிய வேண்டும்.

கேள்வி: போனில் ஆப் வழியாகப் பாட்டு போட்டு நாங்களே சமாளிக்கலாமா?

பதில்: சின்ன விருந்துக்குச் சமாளிக்கலாம். பாட்டுகளை முன்பே இறக்கி, போனை ஃப்ளைட் மோடில் வைத்து, ஒயரில் இணையுங்கள். இல்லையென்றால் நடுவில் யாரோ கூப்பிட, ரிங்டோன் மண்டபம் முழுக்கக் கேட்கும்.