முக்கால் அங்குலத்துக்கு ஏழு மேற்கோள் குறிகள்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஹாட்வெயார் கடை ஒன்றின் இருப்புக் கணக்கை எக்செலில் எழுதிவருகிறேன். பி2 கட்டத்தில் உள்ள குழாய் 3/4" அளவுதானா என்று பார்க்கும் சூத்திரத்தை மக்ரோ (எக்செல் வேலைகளைத் தானாகச் செய்விக்கும் நிரல்) மூலம் இட முயன்றேன். 4க்குப் பின்னால் ஐந்து மேற்கோள் குறிகள் போட்டும் 1004 என்ற பிழையே வருகிறது. அங்குலக் குறியை எடுத்துவிடலாமா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: எடுத்துவிடாதீர்கள். குறியில்லாமல் 3/4 என்று தட்டினால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும். பிறகு குழாய்க் கணக்கில் ஏப்ரல் மாதம் வந்து நிற்கும்.

நீங்கள் எழுதும் சரத்தை, அதாவது மேற்கோள் குறிகளுக்குள் இடும் எழுத்துத் தொடரை, முதலில் மக்ரோ மொழியும் அடுத்து எக்செலும் என இருவர் வாசிக்கிறார்கள் என்பதும், சரத்துக்குள் வரும் மேற்கோள் குறி இரட்டையாக இருந்தால்தான் அதை எழுத்தாகக் கொள்வார்கள் என்பதும்தான் இங்கே விஷயம். எக்செலுக்குப் போய்ச் சேரவேண்டியது இது:

=பி2="3/4"""

கடைசி மூன்றில் முதல் இரண்டும் அங்குலக் குறிக்கு. மூன்றாவது சரத்தை மூடுகிறது. இதை மக்ரோவில் எழுதும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறியும் மீண்டும் இரட்டிப்பதால் மூன்று ஆறாகும்; வெளிச்சரத்தை மூட இன்னொன்று சேர ஏழாகும்:

"=பி2=""3/4"""""""

உங்கள் ஐந்தில் ஒன்று வெளிச்சரத்தை மூடப் போய்விட, எஞ்சிய நான்கும் இரண்டாகி, எக்செலுக்கு மூடப்படாத சரம் ஒன்றே கிடைத்தது. 1004 அதனால் வந்தது. எண்ணிக்கையில் ஐயம் வந்தால், கட்டத்தில் இடுமுன் சரத்தை டீபக்.பிரிண்ட் கட்டளையால் அச்சிட்டு, கன்ட்ரோலுடன் ஜி அழுத்தித் திறக்கும் சாளரத்தில் பாருங்கள்; எக்செல் காணப்போவது அப்படியே தெரியும்.

அளவை மக்ரோ ஒரு கட்டத்திலிருந்து வாசித்தெடுத்துச் சூத்திரத்தில் ஒட்டுவதானால், எக்செலுக்காக ஒருமுறை இரட்டித்தால் போதும். ரிப்ளேஸ் சார்பில் தேடவேண்டியதாக """" என்றும் மாற்றவேண்டியதாக """""" என்றும் கொடுங்கள்.

வாட்ஸப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறிகள் வந்திருந்தால் மக்ரோ அவற்றை ஏற்காது. நேர்க்குறிகளாகத் திரும்பத் தட்டுங்கள். ஒற்றைக் குறியும் உதவாது, அதன் பின்னால் வருவது வெறும் குறிப்புரையாகிவிடும்.

நானாக இருந்தால் இத்தனை குறிகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். 3/4" என்பதை எஃப்1 கட்டத்தில் ஒருமுறை தட்டிவைத்து, மக்ரோவில் "=பி2=$எஃப்$1" என்று எழுதிவிடுவேன்; நாளை ஒன்றரை அங்குலக் குழாயைத் தேடவேண்டி வந்தாலும் அந்தக் கட்டத்தை மாற்றினால் போதும்.