மதுரையிலிருந்து குன்னூர் வந்த பிறகு பையனுக்கு ஓயாத சளி

சகோதரி, ஜூனில் மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்து, 4 வயசுப் பையனை எல்கேஜியில் சேர்த்ததிலிருந்து மாசம் தவறாமல் சளி, இருமல்னு எழுதியிருக்கீங்க. எதிர்ப்பு சக்தி டானிக் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம், காசுதான் வீண். இந்த வயசில் வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிக்கிறது சகஜம். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வருஷம் இன்னும் கூடலாம்.

என்னைப் பதற வைத்தது வேற விஷயம். ராத்திரி ஜன்னலைச் சாத்திட்டு, அறைக்குள்ளே கரி அடுப்பைக் கணகணன்னு வைத்துப் படுக்கிறோம்னு சொல்றீங்களே, அதை இன்றைக்கே நிறுத்துங்க. அதில் வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோயிடும். புகை அவன் இருமலையும் கிளப்பிவிடும், சாம்பிராணியும் வேண்டாம். ஸ்வெட்டர், சாக்ஸ், நல்ல கம்பளி போதும்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. அக்டோபர் மழைக்கு முன்னாடியே ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்க, அது வருஷா வருஷம் போடணும். ராத்திரி இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயசு நிறையாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது.

சளியோடு மூச்சு வேகமா இருக்கிற மாதிரி தெரிந்தால், தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. 40-ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே லாலி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க.