ஒரு ஷீட்டுக்கு ஒரு பிடிஎஃப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே சிக்கல்தான் பல உருவத்தில் வந்திருக்கிறது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ரெவிட் மாதிரி வரைபட மென்பொருள்களில், பல ஷீட் உள்ள டிராயிங்கைத் தனித்தனி பிடிஎஃபாக எப்படி எடுப்பது? எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம்.

சார், ஒரே ஆட்டோகேட் ஃபைலில் 36 லேஅவுட் (ஒவ்வொன்றும் அச்சுக்கு ஒரு ஷீட்) வைத்திருக்கிறேன். பப்ளிஷ் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பிடிஎஃப் ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றாக ப்ளாட் எடுத்தால் பாதி நாள் போய்விடுகிறது. வேறு வழி உண்டா?

உண்டு, அதே பப்ளிஷில்தான். பப்ளிஷ் பெட்டியில் 'பப்ளிஷ் ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். எல்லா ஷீட்டும் ஒரே ஃபைலாகவா, தனித்தனி ஃபைலாகவா என்ற தேர்வு அங்கேதான் இருக்கிறது. வெர்ஷனுக்கு வெர்ஷன் அதன் இடம் கொஞ்சம் மாறும். மல்டி ஷீட்டை விட்டுவிட்டுத் தனி ஷீட்டுக்கு மாற்றுங்கள். ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் விழ வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

பொத்தானை அழுத்தும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பட்டியலில், வரையும் இடமான 'மாடல்' ஒரு வரியாகச் சேர்ந்து வந்திருக்கும், அதை நீக்குங்கள். ஏதாவது லேஅவுட்டை ஒருமுறைகூடத் திறக்காமல் விட்டிருந்தால் அதற்குப் பேஜ் செட்டப் (பேப்பர் அளவு, ஸ்கேல் போன்ற அச்சு அமைப்பு) இருக்காது, பட்டியலில் பிழை காட்டும். அதைத் திறந்து பேஜ் செட்டப் கொடுத்து, சேவ் செய்துவிட்டு வாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: ஃபைல் பெயர், டிராயிங் பெயரோடு லேஅவுட் பெயரைச் சேர்த்து உருவாகும். லேஅவுட்டைக் காப்பி செய்து காப்பி செய்தே வேலை பார்த்திருந்தால், அடைப்புக்குறியில் 2, 3 என்று போட்ட பெயர்கள்தான் வெளியே வரும். அரை மணி நேரம் ஒதுக்கி லேஅவுட்களுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள். 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பல இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

எல்லாம் சரியானதும் அந்தப் பட்டியலை டிஎஸ்டி (DSD) ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த ரிவிஷனில் (திருத்தத்தில்) அதைத் திறந்து பப்ளிஷ் கொடுத்தால் போதும்.

தனித்தனியாக எடுப்பதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சைட்டில் பார்த்திருக்கிறேன். கம்பி மேஸ்திரிக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபுட்டிங் விவரம். சிமென்ட் ஒட்டிய விரலால், வெயிலில் மங்கிப்போன போன் திரையில், 36 பக்கத்தைத் தள்ளித் தள்ளி 27-ஐத் தேடுகிறார். பக்கம் திறப்பதற்குள் திரை அணைந்துவிடுகிறது. அவருக்கு அந்த ஒரு ஷீட் தனியாகப் போயிருக்க வேண்டும்.

சாலிட்வொர்க்ஸில் ஒரு டிராயிங்கில் 12 ஷீட். 'சேவ் ஆஸ்' கொடுத்தால் ஒரே பிடிஎஃப்தான் வருகிறது. மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இல்லாமல் பிரிக்க முடியாதா?

ஒன்றிரண்டு ஷீட் என்றால் முடியும். சேமிக்கும்போது இப்போதைய ஷீட் மட்டுமா, எல்லாமா, குறிப்பிட்டவையா என்று தேர்ந்தெடுக்கலாம். 12-ஐயும் ஒரே வீச்சில் பிரிக்க மேக்ரோதான் நல்ல வழி. அதன் வேலை எளிமையானது: ஷீட் பெயர்களின் பட்டியலை எடுக்கும், ஒவ்வொரு ஷீட்டாக முன்னால் கொண்டுவரும், அந்த ஒன்றை மட்டும் ஏற்றுமதிக்குக் குறித்து, ஷீட் பெயரிலேயே சேமிக்கும். 'முன்னால் கொண்டுவரும்' என்ற படியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மாடல் மாறிய பிறகு திறக்காத ஷீட்டில் வியூ பழையதாகவே இருக்க வாய்ப்பு உண்டு.

மேக்ரோ பழக்கமில்லை என்றால், ஒரே பிடிஎஃபாக எடுத்துவிட்டு பிடிஎஃப்டிகே மாதிரி ஒரு கருவியால் பக்கம் பக்கமாக உடைக்கலாம். ஆனால் கிடைப்பது வெறும் பக்க எண்தான், ஷீட் பெயர் வராது. பிறகு உட்கார்ந்து 12-க்கும் கையால் பெயர் மாற்ற வேண்டும், தப்பு நுழைவது அங்கேதான்.

அப்புறம் ஒன்று. 12 ஷீட்டும் 12 வேறு வேறு பார்ட் என்றால், அடுத்த வேலையிலிருந்து பார்ட்டுக்கு ஒரு டிராயிங் ஃபைல் வையுங்கள். ஒரு பார்ட்டின் ரிவிஷன் மாறும்போது மற்ற பதினொன்றையும் தொட வேண்டியிருக்காது.

ரெவிட்டில்?

2022 வெர்ஷன் முதல் பிடிஎஃப் ஏற்றுமதி உள்ளேயே வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக இணைக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். பெயரிடும் விதியில் ஷீட் எண், ஷீட் பெயர், ரிவிஷன் என்று வரிசையாகக் கொடுத்துவிட்டால் ஃபைல் பெயர்களை ரெவிட்டே போட்டுவிடும். இந்த விஷயத்தில் மற்ற இரண்டையும்விட ரெவிட் சுலபம்.

ஆட்டோகேட்டில் ஏ1 ஷீட்டில் பார்டர் கோடு ஒரு பக்கம் வெட்டுப்படுகிறது. 'ஃபிட் டு பேப்பர்' போட்டால் சரியாகிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். ஃபிட் போட்டால் ஸ்கேல் கொஞ்சம் சுருங்கிவிடும். அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளப்பவர் ஏமாந்துபோவார். பேப்பர் பட்டியலில் 'ஃபுல் பிளீட்' என்று போட்ட ஏ1-ஐத் தேர்ந்தெடுத்து, 1:1-இல் எடுங்கள். சாதாரண ஏ1-இல் சுற்றிலும் அச்சாகாத ஓரம் இருக்கும், பார்டரை வெட்டியது அதுதான்.

சைட்டில் ஏ3-இல்தான் அச்செடுப்பார்கள் என்று தெரிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். ஏ1 என்பது 841க்கு 594 மில்லிமீட்டர், ஏ3 என்பது 420க்கு 297. நீளமும் அகலமும் சரிபாதி. 1:100 போட்டது ஏ3-இல் 1:200 ஆகிவிடும், 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகிவிடும், அதைப் படிப்பது கஷ்டம். டைட்டில் பிளாக்கில் (ஷீட்டில் உள்ள விவரப் பெட்டியில்) இரண்டு ஸ்கேலையும் எழுதுங்கள். கூடவே ஒரு ஸ்கேல் பாரும் வரைந்துவிடுங்கள். எவ்வளவு சுருக்கினாலும் அதுவும் சேர்ந்தே சுருங்கும்.

சில ஷீட் மட்டும் கலரில் வருகிறது.

அந்த லேஅவுட்களில் சிடிபி ஃபைல் (கோடுகளின் நிறமும் தடிமனும் அச்சில் எப்படி வர வேண்டும் என்று சொல்வது) வேறாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பப்ளிஷ் பட்டியலில் எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து ஒரே பேஜ் செட்டப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பிடிஎஃபைத் திறந்தால் எழுத்துகளின் மேலெல்லாம் கமென்ட் பெட்டி வருகிறது சார்.

ஆட்டோகேட்டுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் ஃபான்ட் எழுத்துகளை ஆட்டோகேட் கமென்டாகவும் சேர்த்து எழுதுவதால் வருவது. 'பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ்' (PDFSHX) மாறியை 0 ஆக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

ஃபைல் பெயரில் ரிவிஷன் போட வேண்டுமா? ஃபோல்டர் பெயரில் போட்டால் போதும் என்கிறார் எங்கள் மேனேஜர்.

ஃபைல் பெயரில் போடுங்கள். ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் போவது ஃபைல் மட்டும்தான்.

நான் இதை ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கற்றுக்கொண்டேன். தூணுக்கான பேஸ் பிளேட்டில் போல்ட் துளைகளின் இடைவெளி 150-லிருந்து 180-க்கு மாறியிருந்தது. புதிய ஷீட்டையும் பழைய பெயரிலேயே அனுப்பியிருந்தோம். ஃபோர்மேன் போனில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல். அவர் திறந்தது பழையது. நான் போனபோது 24 பிளேட்டிலும் துளை போட்டு, ஓரம் தேய்த்து, அழகாக அடுக்கி வைத்திருந்தார். சைட்டில் ஆங்கர் போல்ட்டுகள் 180-இல் கான்கிரீட்டுக்குள் இறுகிக் கிடந்தன. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

வேலை எண், பிரிவு, ஷீட் எண், ரிவிஷன் என்ற வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோடு, கேள்விக்குறி போன்றவை விண்டோஸ் ஃபைல் பெயரில் செல்லாது, அதனால் ஹைஃபன் மட்டும் போதும். அனுப்பும் முன் ஃபோல்டரில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணி, டிராயிங் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்புறம், இந்த ரிவிஷனில் மாறிய ஷீட் ஒவ்வொன்றையும் திறந்து, டைட்டில் பிளாக்கில் உள்ள ரிவிஷன் எழுத்தும் ஃபைல் பெயரில் உள்ளதும் ஒன்றுதானா என்று கண்ணால் பாருங்கள்.