ஆட்களோடு பேசியே களைத்துப்போகிறேன், பகலில் எப்படி ஓய்வெடுப்பது?

யாழ்ப்பாண நகரில் கடையொன்றில் வேலை, மத்தியானத்துக்குள் பேசிப் பேசியே களைத்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

இது நோயும் இல்லை, தலைக்கனமும் இல்லை. அகமுகி (உள்நோக்கிய சுபாவம் உள்ளவர்), புறமுகி (வெளிநோக்கிய சுபாவம் உள்ளவர்) என்ற பிரிவை 1921இல் தன் நூலில் விளக்கிய உளவியலாளர் கார்ல் யுங், அகமுகியின் கவனம் உள்நோக்கி ஓடுகிறது என்றுதான் சொன்னார். ஆட்களை வெறுப்பது வேறு, ஆட்களால் களைப்பது வேறு.

முழுக்கக் களைக்கும்வரை காத்திருக்காதீர்கள். முன்னமே பத்து நிமிஷம் எடுங்கள். ஃபோனைப் பார்ப்பது ஓய்வாகாது, வாட்ஸ்அப்பிலும் ஆட்கள்தானே பேசுகிறார்கள். நான் பிளேன்ரீயைப் பின்வளவு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விடுவேன். ஒரு கடி பனங்கட்டி, ஒரு வாய் தேத்தண்ணி. பனங்கட்டி நாக்கில் கரையுமட்டும் யாரோடும் கதை இல்லை. கோப்பை முடியும்போது தோள் இரண்டும் தளர்ந்திருக்கும்.

அரை மணி கிடைத்தால் பொது நூலகம். அங்கே பேசாமல் இருப்பதுதான் மரியாதை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நகரில் சனம் கூடும், அப்போது இன்னொரு இடைவேளை சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கூட வேலை செய்பவர்கள் தவறாக நினைத்தால்? "பத்து நிமிஷத்தில வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். சொல்லாமல் போனால்தான் கோபமோ என்று யோசிப்பார்கள்.