கக்கத்தில் இருந்த துண்டு

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். சென்னையில் படிக்கும் மகள், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் ஆயாவின் பழைய கண்டாங்கியைக் கட்டி, ரவிக்கைக்குப் பதில் கறுப்புச் சட்டை போட்டு வந்தாள். மங்கள காரியத்தில் கறுப்பு! கேட்டால், "இது என் எதிர்ப்பு" என்கிறாள். போதாததற்கு, எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கக்கத்தில் இடுக்கியிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டாள். நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள்?

பதில்: ஆச்சி, கடைசிக் கேள்வி எனக்கு மாதம் நான்கு கடிதத்தில் வருகிறது. பெண்களுக்குக் கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கறுப்பு ஆகாது என்கிறீர்கள். அரக்கும் மஞ்சளும் போலக் கறுப்பும் பழைய கண்டாங்கிகளின் நிறம்தான். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை அது. காரைக்குடித் தறிக்காரரிடம் உங்கள் மகள் புதிதாக ஒன்று வாங்கியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். சரி, சட்டைப் பேச்சு போதும்.

துண்டுக்கு வருவோம். அதைப் 'போதாததற்கு' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தத் துண்டு ஏன் கக்கத்துக்குப் போனது? 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (உங்கள் ஊரும் அதில்தான் இருந்தது) ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, செருப்பும் குடையும் கூடாது. பெண் மார்பை மறைக்கக்கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். தடை போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பயத்தின் மிச்சம்தான் உங்கள் வாசலில் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கிறது.

காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் சட்டையை விட்டார். ஏழைக்குத் துணியில்லையே என்று அவராக எடுத்த முடிவு. பெரியவர் துண்டை இறக்குவது அவராக எடுத்த முடிவா? கல்யாண வீட்டில் அத்தனை பேர் கண்ணிலும் மகளின் சட்டை பட்டிருக்கிறது, இது படவில்லை. தலைகுனிவு என்றால் எனக்கு இதுதான்.

உங்கள் மகளையும் விடமாட்டேன். பெரியவரைக் கேட்டாளா அவள்? தாத்தா வயதுக்காரர் மேல் கை வைத்து, நாலு பேர் பார்க்கத் துண்டைப் போட்டுவிட்டு இவள் ரயிலேறிவிடுவாள். மறுநாள் காலையில் வாசல் தெளிக்க வேண்டியவர் அவர். சென்னையிலிருந்து வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் துண்டைப் பற்றிப் பேச வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். அவரும் அவர் அப்பாவும் எப்போதோ செய்திருக்க வேண்டிய கடமை இது. புதுத் துண்டு வாங்கிக் கொடுத்துக் கணக்கு முடிக்கப் பார்க்காதீர்கள். பெரியவரை முகப்பில் உட்காரவைத்து, "இனிமேல் துண்டை இறக்காதீர்கள், எங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது" என்று உங்கள் வீட்டுக்காரர் தன் வாயால் சொல்லட்டும். முதல் தடவை பெரியவர் சிரித்து மழுப்புவார். மறுநாளும் சொல்லட்டும்.