பெயரைச் சொல்லவே வாய் அடைக்கிறது: திக்குவாய்க்குச் சிகிச்சை என்ன?

கேள்வி: எனக்கு 27 வயது. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். நண்பர்களிடம் ஓரளவு பேசிவிடுகிறேன். ஆனால் போன் பேசும்போதும், யாராவது பெயர் கேட்கும்போதும் வாய் அடைத்துக்கொள்கிறது. தனியாக இருந்தால் சரளமாகப் பேசுகிறேன், பாடினால் திக்குவதே இல்லை. அதனால் வீட்டில் "எல்லாம் பயம்தான், தைரியமாப் பேசு" என்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு நேர்காணல் இருக்கிறது. மாத்திரை ஏதாவது உண்டா? முழுசாகக் குணமாகுமா? அக்காவின் மூன்றரை வயது மகனும் சில மாதங்களாகத் திக்குகிறான். என்னைப் பார்த்துத்தான் பழகிவிட்டானோ? அவன் முன்னால் பேசாமல் இருந்துவிடவா?

பதில்: மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். திக்குவாய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கும் சில மருந்துகளை ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, கூடவே பக்கவிளைவும் வந்தது. நாக்கில் கோளாறு என்று நினைப்பதும் பழைய தவறு. 1841-ல் டீஃபன்பாக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் திக்குவாய்க்காரர்களின் நாக்கையே வெட்டிப் பார்த்தார். அதைப் படித்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். இத்தனை நாளில் நிச்சயமாகக் குணமாக்குகிறோம் என்று யாராவது தேதி குறித்துக் கொடுத்தால், அங்கே பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது பயம். பயம் திக்கலைக் கூட்டும், ஆனால் திக்கலை உண்டாக்குவது அது அல்ல. பேச்சு என்பது உதடு, நாக்கு, குரல்வளை, மூச்சு எல்லாம் நொடியின் சிறு துளிக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய வேலை. அந்த நேரக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பாதைகள் திக்குபவர்களிடம் சற்று வேறு விதமாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 2010-ல் திக்குவாயோடு தொடர்புள்ள முதல் சில மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். பாடும்போது தாளமும் வார்த்தையும் முன்கூட்டியே கையில் இருக்கின்றன. தனிமையில் கேட்பவரே இல்லை. அதனால்தான் அந்த இரண்டு இடத்திலும் உங்களுக்குத் தடை வருவதில்லை. இதை வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். "தைரியமாப் பேசு" என்று கேட்டுக் கேட்டு நீங்கள் களைத்திருப்பீர்கள்.

முழுசாகக் குணமாகுமா? உங்கள் வயதில், இனி ஒருபோதும் திக்கவே திக்காது என்கிற அளவுக்குப் போவது அபூர்வம். நன்றாகக் குறையும், சில காலம் மறுபடி தலைகாட்டும், மறுபடி குறையும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இப்படித்தான் வாழ்கிறார்.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் எத்தனை வார்த்தையை மாற்றிப் பேசுகிறீர்கள்? 'வெள்ளிக்கிழமை' வராது என்று தெரிந்ததும் 'நாளை மறுநாள்' என்பது, போன் அடித்தால் எடுக்காமல் விட்டு மெசேஜ் அனுப்புவது, கூட்டத்தில் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வது. பெயரில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், அதற்கு மாற்று வார்த்தை கிடையாது. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த இடத்தில்தான் இறுக்கம் எகிறும். என் அனுபவத்தில், திக்குவதைவிட இந்த ஒளிப்புதான் ஆளை அதிகம் தேய்க்கிறது. சிகிச்சையும் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

பேச்சு சிகிச்சையில் பெரியவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேச்சையே நீட்டி, மென்மையாகத் தொடங்கிப் பழகுவது. திக்கல் சட்டென்று குறையும், ஆனால் பேச்சு கொஞ்சம் செயற்கையாக ஒலிப்பதால் பலர் வெளியில் அதைத் தொடர்வதில்லை. இன்னொன்று, திக்கலை இலகுவாகத் திக்கப் பழகுவது. சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர் வகுத்த முறை அது. அவரே கடுமையாகத் திக்கியவர்.

உங்கள் பெயர் 'பா'வில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உதடு ஒட்டிக்கொள்கிறது, பின்னால் காற்று முட்டுகிறது. வழக்கமாக என்ன செய்வீர்கள்? இன்னும் முட்டுவீர்கள், கண்ணை மூடுவீர்கள், தொடையைத் தட்டுவீர்கள். அதற்குப் பதில், ஒட்டிய உதட்டை அப்படியே வைத்து, எங்கே இறுகியிருக்கிறது என்று ஒரு கணம் கவனியுங்கள். பின்வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். உதட்டின் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் காற்று கசியும். அந்தக் கசிவோடு 'ஆ'வுக்குள் மெதுவாக வழுக்கிப் போங்கள். நடுவில் பிடிக்க முடியாமல் போனால், வார்த்தையை முடித்துவிட்டு, சற்று நிறுத்தி, அதே வார்த்தையை இப்படி இலகுவாக இன்னொரு முறை சொல்லுங்கள். அப்புறம், வேண்டுமென்றே திக்கிப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் பயத்தை உடைப்பதில் அதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, திக்கும் பெரியவர்களோடு எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள். அறைக்குள் வாசிக்கவைத்து, மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். போனிலும் வெளியிலும் உங்களோடு சேர்ந்து பழக்குகிறவர்தான் வேண்டும். ஆட்களைச் சந்திப்பதையே தவிர்க்கும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் மனநல ஆலோசனையும் சேர்த்துப் பெறுங்கள்.

நேர்காணலுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் சரளம் வராது, அதைத் துரத்தவும் வேண்டாம். உட்கார்ந்ததும், "எனக்குத் திக்குவாய் உண்டு, சில வார்த்தைகளுக்கு நேரம் எடுக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல். மறைக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடுவதால் பலருக்குத் திக்கலும் குறைகிறது. அதுவரை தினமும் ஓரிரண்டு போன் செய்யுங்கள், ஒரு கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்பதுபோல, தோற்றாலும் நஷ்டமில்லாத போன்கள். ஒவ்வொன்றையும் உங்கள் பெயரைச் சொல்லியே தொடங்குங்கள்.

(இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வயதில் திடீரென்று திக்கத் தொடங்கியிருந்தால், அது வேறு விஷயம். பக்கவாதம், தலையில் அடி, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.)

இனி அக்கா மகன். பார்த்துப் பழகி வருவதல்ல இது. குடும்பத்தில் ஓடுவதால் இருவருக்கும் வந்திருக்கலாம். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள்தான் திக்கல் தொடங்கும், அப்படித் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் அவன் பையன், தாய்மாமனுக்குத் திக்குவாய், ஏற்கெனவே சில மாதங்கள் ஓடிவிட்டன. இவை இருந்தால் திக்கல் தங்கிவிடும் வாய்ப்பு கூடுதல். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சும்மா இருக்க வேண்டாம், இப்போதே ஒரு பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் முன் தொடங்கினால் பலன் அதிகம். சிட்னியில் உருவான லிட்கோம் முறையில், சிகிச்சையாளர் சொல்லிக்கொடுக்கப் பெற்றோரே வீட்டில் தினமும் பயிற்சி தருகிறார்கள். அதுவரை "மெதுவாச் சொல்லு", "மூச்சை இழுத்துட்டுச் சொல்லு" எல்லாம் வேண்டாம். அவன் வார்த்தையை நீங்கள் முடித்துவைக்கவும் வேண்டாம். அக்கா தன் பேச்சைக் கொஞ்சம் நிதானமாக்கிக்கொண்டு, அவன் என்ன சொல்ல வருகிறான் என்பதைக் கேட்டால் போதும்.

அவன் முன்னால் பேசாமல் இருக்கவே இருக்காதீர்கள். அவனுக்குக் கதை சொல்லுங்கள், திக்கினால் திக்கியபடியே சொல்லி முடியுங்கள்.