மாமரப் பொந்தைத் தோண்டி சிமெண்ட் அடைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் தோட்டம். மாமனார் வைத்த பாதாமி மாமரத்துக்கு 30 வயது இருக்கும். வீடு கட்டும்போது இடைஞ்சலாக இருந்த தொடை கனத்துக் கிளையை அடிமரத்தோடு ஒட்ட மழித்து வெட்டினோம். வெட்டுவாயில் பொந்து விழுந்ததும் மேஸ்திரி சிமெண்ட் அடைத்தார். மரத்தடியில் கார் நிற்கத் தளமும் போட்டாயிற்று. இப்போது பொந்தைச் சுற்றிப் பிசின் வடிகிறது. உச்சிக் கொப்புகள் நுனியிலிருந்து காய்கின்றன. நல்ல மரம் தெரியும்வரை தோண்டி மருந்து தடவி மறுபடி அடைக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உளியைத் தொடாதீர்கள்.

நம் காயம் ஆறும்போது அதே இடத்தில் புதுச்சதை வளர்கிறது. மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. கெட்ட பகுதியை அது திரும்ப நல்லதாக்குவதே இல்லை. கெட்டதைக் கெட்டபடியே விட்டு, சுற்றி மதில் எழுப்பிவிட்டு, மதிலுக்கு வெளியே வளர்ந்துகொண்டு போகும். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் விளக்கியது இது.

அவர் கணக்கில் மதில்கள் நாலு. மேலும் கீழும் ஓடும் நீர்க்குழாய்களை அடைப்பது ஒன்று. இதுதான் இருப்பதிலேயே பலவீனம், அதனால்தான் அழுகல் எப்போதும் நீளவாக்கில் ஓடுகிறது. உள்நோக்கிப் போவதை ஆண்டு வளையத்தின் இறுகிய மரம் தடுக்கும். பக்கவாட்டில் பரவுவதை நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்களின் உயிரணுக்கள் தடுக்கும். நாலாவதுதான் பெரியது: காயம் பட்ட பிறகு பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலம் புதிதாக ஓர் அடுக்கைக் கட்டும். பழைய மரத்தில் இருக்கும் பூஞ்சை புது மரத்துக்குத் தாண்டாமல் நிறுத்துவது அதுதான். ‘நல்ல மரம் தெரியும்வரை’ தோண்டுவது என்றால் இந்த மதிலை நாமே உடைத்துப் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடுவது. நானும் ஒரு காலத்தில் தோண்டச் சொன்னவன்தான்.

சிமெண்டும் உதவாது. காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது. உரசிய இடுக்கில் தண்ணீர் தங்கும். ஆடிக்கொண்டிருந்தால் கையால் எடுத்துவிடுங்கள். புதுப்பட்டை அதைக் கவ்வியிருந்தால் அப்படியே கிடக்கட்டும்.

உச்சி காய்வதுதான் எனக்குக் கவலை. மாவில் நுனிக்கருகலும் பிசின் வடிதலும் பெரும்பாலும் லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சையின் வேலை. இது நல்ல மரத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் குடியிருக்கும், மரம் வாடும்போது தலைதூக்கும். மதில் கட்டச் செலவாகும் சரக்கு, மரம் சேர்த்துவைத்த மாவுச்சத்து. பூஞ்சையைத் தடுக்கும் பீனால் பொருள்களையும் அதிலிருந்துதான் செய்ய வேண்டும். வேருக்கு மூச்சும் நீரும் குறைந்தால் இருப்பு கரையும். உங்கள் மரத்துக்கு மூச்சை அடைத்தது அந்தக் கார் தளம் என்றுதான் நினைக்கிறேன். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட்டை அகற்றும்படி பசுமைத் தீர்ப்பாயம் 2013ல் உத்தரவே போட்டது. நீங்கள் அதைவிடத் தாராளமாக, முடிந்த மட்டும் உடைத்தெடுங்கள். கடப்பாரையால் மெல்ல, வேரில் படாமல். காரை வேறு பக்கம் நிறுத்துங்கள். சக்கரம் இறுக்கிய செம்மண் தளத்துக்குக் குறைந்ததல்ல.

திறந்த மண்ணில் மக்கிய தொழுஉரத்தோடு, கெட்ட பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா கலந்து போட்டு, மேலே சருகு மூடாக்கு. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள், பட்டை ஈரத்தில் ஊறக்கூடாது. தண்ணீர் கிளைநிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் பாய வேண்டும், உறிஞ்சும் வேர் அங்கேதான் அதிகம். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், காப்பர் மருந்தை அந்த மண்ணில் ஊற்றினால் அதுவும் செத்துப்போகும்.

காய்ந்த கொப்புகளை, கருகிய இடத்திலிருந்து மூன்று அங்குலம் கீழே, பச்சை மரத்தில் வெட்டி எரித்துவிடுங்கள். காய் இறங்கிய பின், செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன்பாக, வெயிலடிக்கும் நாளாகப் பாருங்கள். அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள். வெட்டுவாய்களில் போர்டோ பசை: மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் நீரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டர் நீரில், பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்து, அன்றே பூச வேண்டும். பசை வெளிப்பூஞ்சையைக் கொஞ்ச நாள் அண்டவிடாது, அவ்வளவுதான். மதிலை மரம்தான் கட்டும்.

இனிமேல் கிளை எடுத்தால் மழிக்காதீர்கள். கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மதில் கட்டும் ஆட்கள் அந்தப் புடைப்பில்தான் இருக்கிறார்கள். உங்கள் கிளையில் போனது அதுதான்.

கடைசியாக, பொந்தைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே கோறையாக இருப்பதால் மட்டும் மரம் விழாது, நடுவில் இருக்கும் வைரம் எப்படியும் செத்த மரம்தான். சுற்றிலும் கெட்டியான மரம் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பொதுவாக நிற்கும். ஆனால் அடியில், வேர் பிரியும் இடத்தில், தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். வீட்டுப் பக்கம் சாயும் கிளைகளின் பாரத்தை முதலில் குறைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.